எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

(வளர்கல்வி மையம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீளமாகப் பேசப் போவதில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்குப் போடப் போகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். அது உங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஃபேன்

கடைக்குப் போகிறோம். கூரையில் மாட்டும் ஃபேன் வேண்டும் என்று கேட்கிறோம். கடைக்காரர் இரண்டு ஃபேன் எடுத்து வைக்கிறார். இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காற்று தரும்.

ஒன்றின் விலை 1,500 ரூபாய். இன்னொன்றின் விலை 2,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

எதை வாங்குவீர்கள்? 1,500 ரூபாய் ஃபேனைத்தான் வாங்குவோம். 1,400 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவோம்.

ஆனால் ஒரு விஷயம். இரண்டு பெட்டியிலும் ஒரு எண் அச்சிட்டிருக்கிறது. முதல் பெட்டியில் 75 வாட். இரண்டாவது பெட்டியில் 30 வாட். இந்த எண்ணை நாம் பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பார்த்தும் பயன் இல்லை. இப்போது தெரியும். அதனால் இன்று அந்த எண்ணைப் பற்றிப் பேசுவோம்.

வாட் என்றால் என்ன? யூனிட் என்றால் என்ன?

ஒரு மாட்டுக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். பொருளுக்கும் தீனி உண்டு. அது கரண்ட். ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கரண்ட் இழுக்கும் என்று சொல்வதுதான் வாட்.

மீட்டர் எண்ணுவது யூனிட். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் பொருள் 10 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். வாட்டை மணி நேரத்தால் பெருக்குங்கள். 1,000-ஆல் வகுங்கள். யூனிட் வந்துவிடும்.

இப்போது ஃபேன் கணக்குக்கு வருவோம். கரும்பலகையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஃபேன் ஓடுகிறது. மாதம் 30 நாள்.

75 வாட் ஃபேன்: 75 × 12 = 900. முப்பது நாளைக்கு 27,000. அதாவது 27 யூனிட்.

30 வாட் ஃபேன்: 30 × 12 = 360. முப்பது நாளைக்கு 10,800. அதாவது சுமார் 11 யூனிட்.

வித்தியாசம் 16 யூனிட். கரண்ட் விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 96 ரூபாய். வருடத்தில் எட்டு மாதம் ஃபேன் போடுகிறோம் என்றால் 768 ரூபாய்.

இரண்டே வருடத்தில் 1,536 ரூபாய். கடையில் மிச்சம் பிடித்தது 1,400 ரூபாய்தான். அது போய்விட்டது! ஆனால் ஃபேன் இரண்டு வருடத்தில் நிற்காது. பத்து வருடம் ஓடும். மீதி எட்டு வருடமும் அந்தக் காசு நம் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் எது மலிவு? நீங்களே சொல்லுங்கள்.

கடையில் கொடுப்பது பாதி விலைதான். மீதி விலையை மாதாமாதம் மீட்டரில் கொடுக்கிறோம்.

சூடாகப் போகிற காசு

ஒரே அளவு காற்றுக்கு ஒரு ஃபேன் 75 வாட் இழுக்கிறது. இன்னொன்று 30 வாட் இழுக்கிறது. ஏன்?

நெடுநேரம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்து, இறக்கை நின்ற பிறகு, நடுவில் இருக்கும் மோட்டார் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். நாம் காசு கொடுத்தது காற்றுக்கு. அது சூடும் தருகிறது. அதுவும் கோடைக்காலத்தில்!

சாதாரண ஃபேனில் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. சுழலும் பகுதியைக் காந்தம் ஆக்குவதற்கும் கரண்ட்டையே பயன்படுத்துகிறது. அதில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. புது வகை ஃபேனில் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் வைத்திருக்கிறார்கள். எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை ஒரு சிறு மின்னணு அட்டை பார்த்துக்கொள்கிறது. அதனால் வீணாவது குறைவு. இதைத்தான் கடையில் பி.எல்.டி.சி. ஃபேன் என்கிறார்கள்.

பல்பும் இதே கதைதான். குண்டு பல்பு உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கம்பி பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தரும். 100 பைசா கரண்ட்டில் சுமார் 5 பைசாதான் வெளிச்சம். 95 பைசா சூடு. அது விளக்கா, அடுப்பா?

எல்.இ.டி. பல்பில் கம்பி காய்வதில்லை. சின்னஞ்சிறு சில்லு நேராக வெளிச்சம் தருகிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நீல வெளிச்சம் தரும் சில்லை ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அதனால்தான் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பொருள் வாழ்நாள் முழுவதும் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைப் பெரும்பாலும் நாம் முடிவு செய்வதில்லை. அதை வடிவமைத்தவர் காகிதத்தில் கோடு போட்டபோதே முடிவாகிவிட்டது.

கரி எங்கே எரிகிறது?

நம் வீட்டு சுவிட்சில் புகை வருவதில்லை. அதனால் கரண்ட் சுத்தமானது என்று நினைக்கிறோம். புகை வேறு ஊரில் வருகிறது.

சத்தீஸ்கரில் கோர்பா, ஒடிசாவில் தால்ச்சர், மத்தியப் பிரதேசத்தில் சிங்ரௌலி. இந்த ஊர்களில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. காற்று, சூரிய ஒளி, தண்ணீர் ஆகியவற்றிலிருந்தும் நம் நாட்டில் கரண்ட் எடுக்கிறோம். ஆனாலும் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க அரைக் கிலோவுக்கு மேல் கரி எரிய வேண்டும். கரி எரிந்தால் சாம்பல் வரும். கரியமில வாயுவும் வரும். அந்த வாயு போர்வை போல பூமியைச் சுற்றி நின்று சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் பூமி காய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 100 கட்டி கரி எரிகிறது. அதில் 35 கட்டியின் சக்திதான் கரண்ட் ஆகிறது. மீதி சூடாகப் போய்விடுகிறது. கம்பி வழியாக நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் கொஞ்சம் வீணாகிறது. வீட்டுக்கு வருவது சுமார் 29 கட்டி. அதைக் குண்டு பல்பில் போட்டால் வெளிச்சமாவது ஒன்றரைக் கட்டி!

100 கட்டி எரித்து ஒன்றரைக் கட்டி வெளிச்சம். சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளியின் வியர்வை எங்கே போனது?

இதையே திருப்பிப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால், சுரங்கத்தில் மூன்று பங்குக்கு மேல் மிச்சம். அந்த 30 வாட் ஃபேன் வருடத்துக்கு மிச்சம் பிடிக்கும் 128 யூனிட்டை நிலக்கரியில் எடுத்திருந்தால் 64 கிலோவுக்கு மேல் கரி எரிந்திருக்கும். அது ஒரு மூட்டைக்கும் அதிகம். ஒரு வீட்டில், ஒரு ஃபேனில், ஒரு வருடத்தில் மட்டும்.

நாம் செய்த குற்றமா?

இங்கே ஒருவர் கேட்கலாம். "பூமி சூடாவதற்கு நாங்களா காரணம்? எங்கள் வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும்தான். பெரிய நாடுகள், பெரிய பணக்காரர்கள் செய்ததற்கு நாங்கள் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஒரு இந்தியர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. குற்றம் நம்முடையது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வெயில் யார் தலையில் விழுகிறது? வயலில் நாற்று நடுகிறவர் தலையில். செங்கல் சுமக்கிறவர் தலையில். தகரக் கூரைக்குள் குழந்தையைத் தூங்க வைக்கும் தாயின் தலையில். பணக்காரர் ஏ.சி. போட்டுக்கொள்வார். நாம் எங்கே போவோம்?

அதனால் இருக்கிற ஒரு விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கு வேண்டும். காற்று வேண்டும். குழந்தை படிக்க வேண்டும். குறைந்த கரண்ட்டில் அதே விளக்கும் அதே காற்றும் கிடைக்கும்போது கூடுதல் கரண்ட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதுதான் கேள்வி.

310 ரூபாய் பல்பு 38 ரூபாய் ஆன கதை

"நல்ல பொருள் எப்போதும் விலை அதிகம். அது ஏழைக்கு இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

2014-ஆம் ஆண்டில் அரசு எல்.இ.டி. பல்பு வாங்கியபோது ஒரு பல்பின் விலை 310 ரூபாய். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? 2015 ஜனவரியில் உஜாலா என்ற திட்டம் தொடங்கியது. ஒரு அரசு நிறுவனம் கோடிக்கணக்கான பல்புகளை மொத்தமாக வாங்கியது. யார் குறைந்த விலைக்குத் தருகிறீர்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டது. கம்பெனிகளுக்குள் போட்டி வந்தது. 2016-ஆம் ஆண்டில் அதே பல்பை 38 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இந்தத் திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்புகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன.

310 எப்படி 38 ஆனது? நிறைய பேர் ஒரே பொருளைக் கேட்டார்கள். அவ்வளவுதான்.

வடிவமைப்பவருக்கு நம் கரண்ட் பில் வருவதில்லை. அது நமக்குத்தான் வருகிறது. நாம் விலையை மட்டும் கேட்டால், அவர் விலையை மட்டும் குறைப்பார். கம்பியைக் குறைப்பார், தரத்தைக் குறைப்பார். நாம் வாட் என்ன என்று கேட்டால், அவர் வாட்டைக் குறைப்பார். கடையில் நாம் கேட்கும் கேள்வி தொழிற்சாலை வரை போகும்.

கரண்ட்டே வேண்டாத பெட்டி

கம்பெனி மட்டும்தான் பொருளை வடிவமைக்க முடியுமா? இல்லை.

குஜராத் மாநிலத்தில் வாங்கானேர் என்று ஒரு ஊர். அங்கே மன்சுக்பாய் பிரஜாபதி என்பவர் இருக்கிறார். மண்பாண்டம் செய்யும் குடும்பம். 2001-இல் குஜராத்தில் பெரிய பூகம்பம் வந்தது. வீடுகளோடு பானைகளும் உடைந்தன. ஒரு பத்திரிகை உடைந்த பானையின் படம் போட்டு, ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துவிட்டது என்று எழுதியது. அதைப் பார்த்தார் மன்சுக்பாய். ஏழைக்கு நிஜமாகவே மண்ணில் ஒரு ஃபிரிட்ஜ் செய்தால் என்ன என்று யோசித்தார்.

பல தடவை செய்து பார்த்தார். கடைசியில் வெற்றி கிடைத்தது. மிட்டிகூல் என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் மண். மேலே தண்ணீர் ஊற்ற இடம் இருக்கிறது. தண்ணீர் மண் சுவர் வழியாக மெல்லக் கசியும். கசிந்த நீர் காற்றில் ஆவியாகும். ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காய்கறி சில நாள் வாடாமல் இருக்கும். கரண்ட் ஒரு வாட்கூட வேண்டாம்.

நம் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பாட்டிக்குத் தெரிந்த அறிவுதான். அதைப் பெட்டியாக்கினார் அவர். இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஐஸ் உறையாது. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் குளிர்ச்சி குறையும். வறண்ட ஊருக்கு நல்ல பொருள். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதும் வடிவமைப்புதான்.

சூரியனிடம் வாங்கும் கரண்ட்

சூரிய ஒளியில் கரண்ட் எடுத்தால் கரி எரிய வேண்டாம். சரி. ஆனால் அங்கேயும் வாட் கணக்கு முக்கியம்.

100 வாட் சூரியத் தகடு ஒன்றைக் கூரையில் வைக்கிறோம். நல்ல வெயில் நாளில், பேட்டரியில் வீணாவது போக, சுமார் 300 வாட் மணி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

60 வாட் குண்டு பல்பும் 75 வாட் ஃபேனும் சேர்ந்து 135 வாட். 300-ஐ 135-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம் சொச்சம். இரவு ஒன்பது மணிக்கே இருட்டு.

9 வாட் பல்பும் 30 வாட் ஃபேனும் சேர்ந்து 39 வாட். 300-ஐ 39-ஆல் வகுத்தால் ஏழரை மணி நேரத்துக்கும் மேல். குழந்தை படித்து முடித்து, தூங்கி, நடு இரவு தாண்டியும் காற்று வரும்.

அதே தகடு. அதே சூரியன். பொருள் மட்டும்தான் வேறு. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறையாது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். பிறகு கிணறு வெட்டலாம்.

சூரிய விளக்கு படித்தவர்களின் வேலை என்றும் நினைக்காதீர்கள். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1972-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் பேர்ஃபுட் கல்லூரி. வெறுங்கால் கல்லூரி என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், பாட்டிமார்கள்கூட, அங்கே சூரிய விளக்கைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றார்கள். கம்பியின் நிறத்தைப் பார்த்துக் கற்றார்கள். வெளிநாட்டுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் வந்து கற்றார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பி விளக்கு ஏற்றினார்கள். அவர்களால் முடிந்தது, எழுத்து தெரிந்த நம்மால் முடியாதா?

நட்சத்திரத்தைப் படியுங்கள்

கடையில் ஃபிரிட்ஜ், ஏ.சி., ஃபேன் மீது ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் இந்த முறையைத் தொடங்கியது. கூரை ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் இது கட்டாயம்.

நட்சத்திரம் அதிகம் என்றால் கரண்ட் குறைவு. இது ஒன்று. அடுத்து மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, எண். ஃபிரிட்ஜ் தாளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். ஒன்றில் 150, இன்னொன்றில் 250 என்றால் வருடத்துக்கு 100 யூனிட் வித்தியாசம். 6-ஆல் பெருக்குங்கள். 600 ரூபாய்.

இரண்டாவது, ஆண்டு. நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குகிறார்கள். பழைய தாளில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது புது அளவுகோலில் குறைந்த நட்சத்திரமே வாங்கலாம். அதனால் தாளில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, அளவு. பெரிய ஃபிரிட்ஜையும் சின்ன ஃபிரிட்ஜையும் நட்சத்திரத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. குடும்பத்துக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவில் ஒப்பிடுங்கள்.

கையில் காசு இல்லையென்றால்?

இதையும் பேசாமல் போகக் கூடாது. கணக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் கையில் 1,500 ரூபாய்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் பொருளை முதலில் மாற்றுங்கள். கழிவறை பல்பு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் எரியும். அது காத்திருக்கலாம். வீட்டுக் கூடத்துப் பல்பு ஐந்து மணி நேரம் எரியும். 60 வாட் பல்பு என்றால் மாதம் 9 யூனிட். 9 வாட் என்றால் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. முதலில் அதை மாற்றுங்கள். அதில் மிச்சமாகும் காசைச் சேர்த்து வையுங்கள். அடுத்தது ஃபேன்.

மகளிர் குழுவில் இருப்பவர்கள் சேர்ந்து பேசலாம். பத்து ஃபேன் ஒன்றாக வாங்கினால் கடைக்காரர் விலை குறைப்பார். குழுக் கடனாக வாங்கினால், கரண்ட் பில்லில் மிச்சமாவதைத் தவணையாகக் கட்டலாம்.

வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல். ஃபேன் வாங்குபவர் வீட்டுக்காரர். பில் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரர் எப்படி நல்ல ஃபேன் வாங்குவார்? இங்கே போட்ட கணக்கை எழுதிக் காட்டுங்கள். அவர் வாங்க மாட்டார் என்றால், நீங்களே வாங்கி மாட்டுங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

இன்னும் சிலர், "எங்களுக்குக் கரண்ட் இலவசம்தானே" என்பார்கள். இலவசம் என்றால் அரசு கொடுக்கிறது. அரசுப் பணம் நம் பணம். கரி இலவசமாக எரிவதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 9 வாட்தானே என்று பகலெல்லாம் பல்பை எரிய விட்டால் மிச்சம் குறைந்துவிடும். நல்ல பொருளையும் நாம்தான் அணைக்க வேண்டும். பழுதானால் உடனே தூக்கி எறியாதீர்கள். ஒரு பொருளைச் செய்வதற்கும் நிறைய சக்தி செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால், புதிதாகச் செய்வதற்கு ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். அதனால் பழுது பார்க்க முடிந்ததைப் பழுது பாருங்கள். முடியாததைப் பழைய சாமான்காரரிடம் கொடுங்கள்.

சகோதர சகோதரிகளே, நீங்கள் எழுத்துக் கற்றது பேருந்துப் பலகையைப் படிக்க மட்டும் இல்லை. கையெழுத்துப் போட மட்டும் இல்லை. பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படிக்கவும்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலை என்ன என்று கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

"இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

பேசிப் பாருங்கள், செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு பல்பு, ஃபேனின் வாட் என்ன? ஒரு தாளில் எழுதுங்கள்.

2. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? மாதம் எத்தனை யூனிட் ஆகிறது?

3. இன்று இரவு படுக்கும் முன் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். நாளை அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஆகிறது?

4. உங்கள் ஊரில் கரண்ட் இல்லாமல் குளிர்ச்சி தரும் பொருள்கள், பழக்கங்கள் என்னென்ன? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.